புகை அடிக்காத தேநீர்

இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்கழியில், இலங்கை மலைநாட்டில் ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் பிரதேச செயலகம் ஒன்றில் உத்தியோகத்தர். வீடு அம்பிட்டியவில். அம்பிட்டியவிலேயே மார்கழி வந்தால் என் வீட்டுக்காரர் காதை மப்ளரால் கட்டிக்கொண்டுதான் பல் துலக்குவார். அந்தத் தோட்டத்துக் குளிரை அவர் பார்த்ததில்லை. பகல் பதினொரு மணிக்கும் பேனா பிடிக்க விரல் மடங்காது.

அந்த வருஷம் மலைப்பக்கத்துக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, குளிர் மாதங்களில் மண்ணெண்ணெய் வாங்குவதற்கென்று அரசாங்கம் ஓர் உதவித்தொகை கொடுத்தது. மழைக்கு விறகு நனைந்துவிட்டால், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் வெந்நீர் வைப்பதே பெரும்பாடு. யாருக்குக் கொடுப்பது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். சமைப்பது எதில்? கேஸ் என்றால் அந்த வீட்டுக்கு உதவி கிடையாது.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. ஒருமுறை டவுனில் ஒரு வீட்டில் ஃபிரிஜ்ஜுக்குச் சேலை கட்டி, மேலே சாமிப் படமும் வைத்து மறைத்திருந்தார்கள். நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து ஆபீசில் என் கண்ணுக்கு ஒரு பெயர். நானும் வாயால் கேட்பதைக் குறைத்துவிட்டேன். கேட்டால் பொய் வரும், பார்த்தால் உண்மை தெரியும் என்பது என் கொள்கை.

அந்தத் தோட்டத்துக்கு நான் வருவதை முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தார்கள். லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் ஓர் இளம் தம்பதி. அவன் சறுக்கி விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தான். அவள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழுந்து பறிக்கப் போகிற உடம்பு இல்லை. பிள்ளை குறைமாதம். எப்போதும் சூட்டிலேயே வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் நான் வாசலில் நிற்கும்போதே பக்கத்து வீட்டு அம்மா சொல்லிவிட்டார்.

உள்ளே போனால், விரிப்புப் போட்ட கதிரை. தட்டில் கிரீம் பிஸ்கட். சாசரோடு கோப்பையில் பால் தேநீர். நான் கோப்பையைப் பார்க்கவில்லை, என் பெயர்பெற்ற கண் நேராகச் சமையல் பக்கம் போனது. அங்கே துடைத்து வைத்த கேஸ் அடுப்பு ஒன்று, பக்கத்தில் சிலிண்டர். மூலையில் விறகடுப்பு சும்மா கிடந்தது.

அவள் கடைசி வரைக்கும் உட்காரவே இல்லை. நான் ஒரு வாய் குடித்ததும், "மிஸ், டீ புகை நாத்தம் அடிக்கலயே?" என்று கேட்டாள். கேஸ் வைத்திருக்கிற பெருமையைக் காட்டுகிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். "இல்லம்மா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் கேஸ் என்று எழுதினேன். கையெழுத்தும் வாங்கினேன். என்ன எழுதினேன் என்று வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும்.

பட்டியல் ஒட்டினார்கள். அந்த வீட்டின் பெயர் இல்லை. ஆட்சேபனை இருந்தால் ஆபீசுக்கு வந்து மேன்முறையீடு கொடுக்கலாம் என்றும் அறிவித்தோம். சண்டை போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. வராததே நான் எழுதியது சரி என்பதற்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நான்கு வாரம் கழித்து, அதே தோட்டத்தில் வேறொருவரின் மேன்முறையீட்டை விசாரிக்கப் போனேன். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. லயத்துக்கு ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடையும் மடங்கிப்போய், ஓடி ஒதுங்கியது அவள் வீட்டு வாசலில்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். "ஐயோ மிஸ், சொல்லிட்டு வரக்கூடாதா? ஒக்கார வைக்க ஒரு கதிரகூட இல்லயே!" என்றாள். உள்ளே ஒரே புகை. ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் சிவந்திருந்தது. அவன் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கம்பளிக்குள், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பிள்ளையை வெறும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். பிள்ளையின் தலையில் கம்பளித் தொப்பி. மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"இவருதான் மிஸ் இப்ப எங்க ஹீட்டரு" என்று அவள் சிரித்தாள். "கால் ஒடஞ்சதும் ஒரு வெதத்துல நல்லதாப் போச்சு. இல்லாட்டி இந்த மனுசன ஒரு எடத்துல புடிச்சி வைக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல் பக்கம் பார்த்தேன். விறகடுப்பு மட்டும்தான் இருந்தது.

"தங்கச்சி, கேஸ் அடுப்பு எங்க?"

அவள் அடுப்பை ஊதக் குனிந்துகொண்டாள். அவன்தான் சொன்னான். "அது கடை பாய் வீட்டுது மிஸ். நீங்க வர்றீங்கன்னு எரவல் வாங்கிட்டு வந்தா. பிஸ்கட்டு தட்டு, கோப்ப எல்லாம் மேட்டு லயத்து அக்காவோடது. வெறகுலயே போட்டுக் குடுடின்னேன். டவுன்ல இருந்து வர்றவங்க, புகை நாத்தம் அடிச்சா எப்பிடிக் குடிப்பாங்கன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தா."

வீட்டுக்கு ஆள் வந்தால் இரவல் வாங்கியாவது உபசரிப்பது அந்த லயத்துப் பழக்கம். கதிரை ஒரு வீட்டிலிருந்து வரும், கோப்பை இன்னொரு வீட்டிலிருந்து வரும். வந்தவருக்கு அது தெரியக்கூடாது. ஒளித்துவைக்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும். இல்லாததைக் கொண்டுவந்து வைக்கிறவர்களும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பேர் வராதப்பவாவது ஆபீசுக்கு வந்து சொல்லியிருக்கலாமே? நான் எழுதினதாலதான் வரலன்னு தெரியுமா?" என்று கேட்டேன். என் தப்புக்கு அவளிடம் கோபப்பட்டேன் என்பதுதான் உண்மை.

"தெரியும் மிஸ். எல்லாரும் சொன்னாங்க" என்றாள். "வந்து என்னன்னு சொல்றது? உங்களுக்கு டீ போடத்தான் எரவல் வாங்கினோம்னு சொன்னா, குடுத்த டீய சொல்லிக் காட்டின மாதிரி ஆயிடாதா?"

நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் அப்படித்தான் என்று நம்பினாள் போல, அவசரமாகக் கதவை அகலத் திறந்தாள். "பிள்ளைக்குக் குளிரும், மூடு தங்கச்சி" என்று நானே எழுந்து சாத்தினேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று என் மகளுக்கு நானே மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இனி அதைத் திருத்த வேண்டுமே. அதற்கு, நான் நேரில் பார்த்து எழுதியது பிழை என்று என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அது என் கோப்பில் ஏறும். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. பொய் சொல்லவில்லை, ஒருநாள் முழுக்க யோசித்தேன். அன்று வீட்டில் குளிக்க வெந்நீரை வாளியில் ஊற்றியபோது அந்தப் பிள்ளையின் மூக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன்.

எங்கள் மேலதிகாரி ஒரு சிங்களவர். அதிகம் பேசமாட்டார். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "தேநீர் போடுவதற்காக அடுப்பே இரவல் வாங்கினார்கள் என்கிறீர்கள். இதை யார் நம்புவார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "நானே வந்து பார்க்கிறேன். சொல்லியனுப்பக் கூடாது."

சொல்லாமல்தான் போனோம். ஆனால் தோட்டத்தில் ஜீப் ஏறினால் மலைக்கே தெரிந்துவிடும். நாங்கள் இறங்கி லயத்தை நோக்கி நடக்கும்போது, அவள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓர் உருவம் கடைப்பக்கமாக ஓடுவது தெரிந்தது. அவளேதான். உத்தியோகத்தர் என்கிற நினைப்பெல்லாம் போய், "தங்கச்சி! எங்கயும் போகாத! கேஸ் அடுப்பு வேணாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லயமே வெளியே வந்துவிட்டது.

அவள் பாதி வழியில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "பெரிய ஐயாவும் வர்றாரேன்னு காலு தானா திரும்பிருச்சி மிஸ்" என்றாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன். மேலதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தமிழ் அந்த அளவுக்குப் புரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததும் அன்றுதான்.

உள்ளே வந்து, காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். விறகடுப்பில் போட்ட தேநீரைக் கண்ணில் நீர் வழியக் குடித்து முடித்தார். கம்பளிக்குள் இருந்த பிள்ளையை எட்டிப் பார்த்து, "பாபா நல்லம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். படிவத்தை அவரே எழுதினார். ஒவ்வொரு வரியையும் என்னை வாசித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு உதவித்தொகை கிடைத்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் பிள்ளைக்கு வெந்நீர் கொதித்தது. எனக்குப் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது, அதற்கு இதுதான் காரணமா என்று நான் விசாரிக்கவில்லை. பிள்ளை இப்போது நடக்கிறாள். நான் போனால் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறாள். அவளுடைய அம்மா இன்னமும் உட்காராமல்தான் நிற்கிறாள், நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

போன இடத்தில் யாராவது எனக்கென்று விசேஷமாக எதையாவது எடுத்துவைத்தால், இன்றும் எனக்கு உடனே கை நீளுவதில்லை. எனக்கு ஒரு வாய் நல்ல தேநீர் கொடுத்த குற்றத்துக்கு, ஒரு பச்சைப் பிள்ளை மார்கழிக் குளிர் முழுவதையும் அப்பனின் மார்ச்சூட்டிலேயே கழித்தது.