காலித் தட்டுக்கு ஒரு பொட்டலம்

என் நாத்தனார் யாத்விகா ஒரு வாயில்லாப் பூச்சி. பகலெல்லாம் போலந்தின் பியாவிஸ்தோக் நகரத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள். வீட்டுக்கு வந்தால் கம்பளி நூலும் பின்னல் ஊசியும்தான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லோருக்கும் அவள் பின்னியதுதான் பரிசு. போன வருஷம் எனக்கு வந்த தொப்பி கண்ணையும் சேர்த்து மூடியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்காருவோம். சொல்லாமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு காலியாக இருக்கும். அதிலும் யாத்விகா ஒரு பொட்டலம் வைப்பாள். மறுநாள் அது பிரிக்காமலேயே அலமாரிக்குப் போகும். பன்னிரண்டு வருஷமாக இதே கதை.

"யாருக்குடி இது?"

"வர்றவங்களுக்கு, அண்ணி."

"வந்து கிழிச்சாங்க!"

இந்த வருஷம் பீட்ரூட் சூப்பை ஊற்றும்போது அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு ஸெனோன், வெளியிலிருந்து வந்த கோலத்தில், தலையெல்லாம் பனி.

"என் வீட்ல மட்டும் கரண்ட் போயிடுச்சு. ஒரு மெழுகுவத்தி கிடைக்குமா?"

அன்றைக்கு வந்தவரை அனுப்பலாமா? இழுத்து வந்து காலி நாற்காலியில் உட்கார வைத்தேன். யாத்விகா பண்டிகை வழக்கப்படி அவரோடு வெள்ளை அப்பத்தைப் பிட்டுக்கொண்டாள். இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக மேஜைவிரிப்புக்கு அடியில் பரப்பியிருந்த காய்ந்த புல் கோடைக்காலம்போல மணத்தது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்க இறங்க, வீடே மெல்ல மேலே மிதப்பதுபோல் இருந்தது.

ஸெனோன் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிறக் கையுறைகள். இடது கையுறையில் சுண்டுவிரல் இல்லை. மர அறுவை மில்லில் அவர் பறிகொடுத்த விரல் அது. மாட்டிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியது.

நான் ஓடிப்போய் அலமாரிப் பொட்டலங்களைப் பிரித்தேன். எல்லா இடது கையுறைக்கும் நான்கே விரல்கள்.

"இத்தனை வருஷமா? நான் ஒரு மாடி கீழதானே இருந்தேன்!" என்றார் ஸெனோன்.

யாத்விகா அவருக்குச் சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க மணி அடிக்கவே இல்லையே."