மஞ்சள் பூசிய குறிக்கம்பு

வேலப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. இயந்திரம் மக்கர் பண்ணினால் அதையும் நிற்கவைத்துத் திட்டுவான். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மட்டும் சாது. வாயில் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

கோலாலம்பூரிலிருந்து மலைமேல் இருந்த அணைக்கட்டு ஏரிக்கு வந்த முக்குளிப்புக் குழுவின் சிலிண்டரில் காற்றடைக்கும் மோட்டாரை ஒருமுறை பழுது பார்த்துக் கொடுத்தான். கூலி வேண்டாம், முக்குளிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றான். கற்றும் கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், அந்த ஏரியின் அடியை வரைபடமாக்கும் வேலையைக் குழு ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் எடுத்துச் செய்தது. மூழ்கிய மரக்கட்டைகள், பழைய பாலம் எல்லாம் எங்கே கிடக்கின்றன என்று தெரிந்தால் புதிதாக இறங்குகிறவர்கள் சிக்கிக்கொள்ள மாட்டார்கள்.

"இந்தப் படம் சரியா வந்தா, தியோமான் தீவுக் கடல் சர்வேக்கு நீங்களும் வர்றீங்க," என்றார் குழுத் தலைவர் ராதாகிருஷ்ணன். மலையிலேயே பிறந்து வளர்ந்த வேலப்பன் கடலில் கால்கூட நனைத்ததில்லை. அன்றிலிருந்து ஆசையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை இதுதான். அடியில் ஒரு கட்டையைக் கண்டால் மேலே ஒரு மிதவையை விடுவார்கள். அதனருகே படகை நிறுத்தி, படகுத்துறைத் தூணையும் எதிர்க்கரையில் நட்ட கம்பையும் திசைகாட்டியில் பார்ப்பார்கள். படத்தில் அந்த இரண்டு திசைக்கோடும் வெட்டும் இடம்தான் கட்டை கிடக்கும் இடம். தூண் நகராது. கம்புதான் தொல்லை. இரண்டு தடவை நட்டும், அவரைக்கொடிக்கு ஊன்ற யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது கம்பில் வேலப்பன் மஞ்சளைப் பூசினான், குங்குமம் வைத்தான், மஞ்சள் துணியைக் கட்டினான். "இப்ப எவன் புடுங்குறான்னு பாக்குறேன் லா," என்றான். ஒருவரும் தொடவில்லை. சில வாரத்தில் கம்பின் காலடியில் யாரோ வைத்த எலுமிச்சம்பழம்கூட இருந்தது. தன் மூளையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்து ராதாகிருஷ்ணன் படத்தைச் சோதிக்க வந்தார். பாலம் என்று குறித்த இடத்தில் இறங்கினால் வெறும் சேறு. அடுத்த இடத்திலும் சேறு. முதலில் எடுத்த அளவெல்லாம் சரி, பிற்பாடு எடுத்தவை அத்தனையும் தப்பு. வேலப்பன் படகை எதிர்க்கரைக்கு விட்டான்.

கம்பு நட்ட இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில், கழுத்தில் மாலையோடு நின்றது. பனிமூட்டத்தில் நடு ஏரியிலிருந்து பார்த்தவர்களுக்கு மஞ்சள் துணி தெரிந்ததே தவிர, அது நகர்ந்தது தெரியவில்லை.

ராதாகிருஷ்ணன் கோபப்படவில்லை. அதுதான் வேலப்பனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "முடிச்ச படத்தைக் காட்டாம கடலுக்கு உங்க பேரைக் குடுக்க முடியாது வேலப்பன். அடுத்த தடவ பாக்கலாம்," என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினான். "எந்த மடையன் அந்தக் கம்பை நகத்தினது?"

"நாந்தான்," என்றாள் அவன் மனைவி அம்மாக்கண்ணு. "நீங்க உள்ள எறங்கிட்டா எனக்கு வீட்டுல இருப்புக்கொள்ளல. ஞாயித்துக்கெழம எல்லாம் அந்தச் சாமிகிட்டதான் நின்னேன். மழயில நனஞ்சு எனக்குக் காய்ச்சலே வந்திருச்சு. அதான் சாமிய மரத்தடிக்குக் கொண்டுபோனேன்."

"அது சாமி இல்ல. வெறும் கம்பு."

"மஞ்சத் தடவுனது நீங்கதானே?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"பயமா இருக்குன்னா திட்டுவீங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தான். திட்டாமலே சட்டியை எட்டி உதைத்துவிட்டு வெளியே போனான்.

கம்பு முதலில் இருந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாயை சிமெண்ட் போட்டு நட்டான். மஞ்சள் பூசவில்லை. குழு தியோமானுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, போகாத ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதல் கட்டையிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தான். நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. இந்நேரம் அவர்கள் உப்புத் தண்ணீரில் இருப்பார்கள்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது தூறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மரத்தடியில், அந்த மஞ்சள் கம்பருகே அம்மாக்கண்ணு குடையோடு நின்றாள். அவள்மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை. ஆனாலும் மேலே வந்துவிட்டது அவளுக்குத் தெரியும்படி கையை உயரத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் படகைப் பிடித்தான்.