பாட் வீட்டுக் குக்கர்

போன வருஷம் ஆடி மாதம். திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு வந்து காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் குடியேறிய புதிது. கணவர் ஆபீசுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிட்டால், அப்புறம் வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான்.

பேச ஆள் இல்லாமல் இல்லை. வந்த வாரத்தில் லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "அவுக வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டேன். "ஐயோ, க்யூட்டா இருக்கே, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மகள் என் போனில் ஏற்றி வைத்திருந்த துப்பாக்கி விளையாட்டைத் தொட்டேன். நான்கு பேர் ஓர் அணி. கடைசிவரை உயிரோடு இருக்கும் அணி ஜெயிக்கும். முன்பின் தெரியாத மூன்று பேரோடு என்னைச் சேர்த்துவிட்டது. நசரத்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள் என்பது ஆடிக்கொண்டே மைக்கில் அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. சவாரி இல்லாத நேரத்தில் தினமும் ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்புவார்கள். நானும் சேர்ந்துகொள்வேன். மைக்கை மட்டும் போடவே மாட்டேன்.

அந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒரு பட்டம் உண்டு. கண்மண் தெரியாமல் ஓடிச் சண்டை போடுகிறவர் ரஷ்ஷர். ஒன்றும் தெரியாதவர் நூப். மூலையில் ஒளிந்துகொண்டு, வருகிறவரைச் சுடுகிறவர் கேம்பர். அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். நான் பிறவிக் கேம்பர். ஆனால் தம்பிகள் எனக்கு வைத்த பட்டம் அதைவிட மட்டம்: பாட். அதாவது ஆளே கிடையாது, கம்ப்யூட்டர் ஆட்டுகிற பொம்மை.

ஒருநாள் காலை, மூவரில் அதிகம் வாயாடுகிற தம்பி சொன்னான்: "மாமே, இது ஆளே இல்லடா. பேசவே மாட்டுது. இந்த மேட்ச்சோட கயட்டி உட்டுட்டு வேற ஆள சேத்துக்கலாம்."

இந்த ஊரில் என்னைத் தினமும் கூப்பிட்ட மூன்று பேர் அவர்கள்தான். பேசிவிடலாம் என்று மைக்கைப் போட்டேன். லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

தம்பிகள் மூவரும் சீக்கிரமே செத்துப்போனார்கள். நான் அந்த விளையாட்டுக்குள் இருந்த ஒரு மாடி வீட்டின் குளியலறையில் ஒளிந்திருக்க, அவர்கள் தங்கள் போனில் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்க வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போனது. பிறகு ஒருவன் மெதுவாக, "டேய், பாட் ஊட்ல குக்கர் கீதுடா" என்றான்.

"யாரு அது, இன்னா வேவுது?" என்றான் வாயாடித் தம்பி.

மைக்கை அணைக்காதது அப்போதுதான் உறைத்தது. "பருப்பு" என்றேன்.

"அப்பயே புடிச்சி கத்திகினு கீது. கொயஞ்சிடும், போய் நிறுத்துக்கா."

"நான் போனா எவனாவது சுட்டுருவானே. நீங்களும் என்னைக் கழத்தி விட்டுருவீகளே." மனசில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"அத்த உடுக்கா. மொதல்ல அடுப்ப நிறுத்து."

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து பார்த்தால், குளியலறையில் நான் உயிரோடுதான் இருந்தேன். அந்தப் பக்கம் யாருமே வரவில்லையாம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் உள்ளே நுழைந்து என்னைச் சுட்டான். வெற்றி கை நழுவிப்போனது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இத்தினி நாளா ஏன்கா பேசல?"

"என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பீகன்னுதான்."

வாயாடித் தம்பி சொன்னான்: "நாங்க வாயத் தொறந்தாலே வண்டில குந்திகினு கீறவங்க மூஞ்ச சுளிப்பாங்க. எங்களாண்டயா நீ வெக்கப்பட்ட?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குழைந்த பருப்பில் வைத்த சாம்பார் அன்று என்னமோ ருசியாகவே இருந்தது.

அவர்கள் என்னைக் கழற்றிவிடவில்லை. இப்போது லிஃப்டிலும் 'அவுக' என்றுதான் சொல்கிறேன். கேட்டால் இன்னொரு தடவையும் சொல்கிறேன். தம்பிகளில் ஒருவன் சவாரிக்குப் போன நேரம் அவன் இடத்துக்குப் புதிதாக வருகிறவர் வாயே திறக்காமல் விளையாடினால், அவரைப் பாட் என்று சொல்ல நான் விடுவதில்லை. "உங்க வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.