தீவன வாளியைத் தேடிய கன்று

குப்பனூர்ப் பாதையில் பாதி மலை ஏறியதும் டீக்கடையோரம் குட்டியானை வண்டியை நிறுத்துகிறேன். பின்னால் இரண்டு கலப்பினக் காளைக்கன்றுகள். சந்தையிலேயே பெரிய உடம்பாகப் பார்த்துப் பொறுக்கிய பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

டீ குடித்தபடி பஸ்ஸுக்கு நிற்கும் பாய், ஏற்காட்டில் கறிக்கடை வைத்திருப்பவர்.

"ஏனுங்க, இதுக மேய மேல என்னங்க இருக்குது?"

"மூணு ஏக்கர் சரிவுங்க பாய். பூராம் உண்ணி முள்ளுப்புதரு, நடுவுல கொஞ்சம் புல்லு. வளத்துக் கறிக்கு உங்களுக்கே தர்றேன்."

"ஒன்ன எறக்கி உடுங்க, பாப்போம்."

இறக்கி விடுகிறேன். எதிர்ச் சரிவில் டீக்கடைக்காரரின் நாட்டுக்காளை மேய்கிறது. என் இடுப்புயரம்தான் இருக்கும். முள்ளுக்குள் மூக்கை நுழைத்துப் புல்லை இழுத்துத் தின்றுகொண்டே மேலே ஏறுகிறது. என் கன்று புதரை ஒருமுறை முகர்கிறது. பிறகு திரும்பி வந்து, வண்டியில் தொங்கும் காலி வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது.

எனக்கு முகம் சுடுகிறது. பாய் சிரிக்கவில்லை.

"நாட்டு மாட்டுல எனக்குக் கறி நொம்பக் கம்மிதானுங்க. ஆனா சித்திர வெயில்ல அதுதான் உங்க காட்டுல நிக்கும். குப்பனூர்ல சோளத்தட்டு போட்டுக் கட்டுத்தறியில மாடு வளக்கறவரு ஒருத்தரு இருக்காருங்க. இதுக அவருக்கு ஆகும்."

அதற்குள் ஏற்காடு பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் கூப்பிடுகிறார். பாய் கையசைத்து அதை அனுப்பிவிட்டு, என் வண்டியில் ஏறி உட்கார்கிறார்.

"கன்ன ஏத்திட்டு வண்டியத் திருப்புங்க. நானே வந்து அவருகிட்ட வாங்கிக்கச் சொல்றனுங்க."