இரண்டு பொட்டலங்கள்

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் மலைக்கோயிலுக்குப் போய் வந்து, மனைவிக்குக் காப்பியை நானே புகட்டினேன். அவளுடைய கைநடுக்கம் கூடிவிட்டது. மாலையில் கல்யாண மண்டபத்தில் பல்கலைக்கழக டாக்டர் ஒருவர், நடுக்கத்துக்கான புது மருந்துச் சோதனையை விளக்கினார். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை.

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

"பூ கட்டிப் பாக்கிற மாதிரிங்களா?" என்றாள் மனைவி. "ஆனா கட்டுனவங்களுக்குத் தெரியுமே?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்மா."



வீட்டுக்கு வந்ததும் அவளே இரண்டு பொட்டலங்களில் பூவை மடித்துச் சாமி படத்தின் முன் வைத்தாள். வெள்ளை வந்தால் சோதனையில் சேருவது, சிவப்பு வந்தால் வேண்டாம். நான் எடுத்தது வெள்ளை.

"பாத்தீங்களா, முருகனே சொல்லிட்டான்."

அப்போது மட்டும் அவள் கை நடுங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. இருந்தபடியே மடித்து வைத்தேன்.