மாமியாரின் மன்னிப்பு விநியோகம்

என் மாமியார் தையற்கடை வைத்திருக்கிறார். அங்கே தைப்பது பாதி, மன்னிப்பது பாதி. அளவு கொடுக்க வந்த ஓர் அம்மாளின் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "போன ஞாயிறு சர்ச்சுல என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போனீங்க. பரவாயில்ல, மன்னிச்சிட்டேன்" என்றார். அந்த அம்மாள் அன்று கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர். டேப்பு இடுப்பில் இருந்ததால் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கினால் எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். சமையல் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன விதம் சரியில்லையாம், அதற்கும் மன்னித்தார்.

ஒரே ஓர் ஆளை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. சொந்த அண்ணனை. குடும்ப ஜெபத்தின்போது அவர்கள் அப்பா உட்காரும் நாற்காலியை, அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கூடப்பிறந்தவன் மேல் கசப்பை வைத்துக்கொண்டு சர்ச்சில் அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்தை எடுக்கக் கூடாது என்பதில் மாமியார் கறார். எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள்; இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைக்குள் எதையோ தேடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் போதகர், ஓரம் தைக்கக் கொடுத்த அங்கியை வாங்க வந்தார். நீளமாகப் பிரசங்கம் செய்ததற்காக மாமியார் அவரையும் மன்னித்தார்.

"எங்க எல்லாரையும் மன்னிச்சிட்டீங்கம்மா. இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டார் போதகர்.

மாமியார் அங்கியை மடித்து அவர் கையில் கொடுத்தார். சாயந்திரம் கடையை அடைத்துவிட்டு என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது.

அண்ணன் கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். "அண்ணே, அந்த நாற்காலி விஷயத்துல உன்னை மன்னிச்சிட்டேன்."

"எந்த நாற்காலி?"

அது உள்ளேதான் இருந்தது, மடிக்காத துணிகளைச் சுமந்துகொண்டு. கேட்டிருந்தால் நானே கொண்டுவந்து போட்டிருப்பேனே என்றார் அண்ணன். மாமியார் இத்தனை வருஷக் கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு அண்ணன் தயங்கித் தயங்கித் தன் பக்கத்தைச் சொன்னார். அடக்க ஆராதனையில் பாட்டை மகன்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தாராம். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் தங்கை உச்சஸ்தாயியில் எடுத்துவிட்டார். சபை மொத்தமும் தங்கை குரலின் பின்னாலேயே பாடிக்கொண்டு போய்விட்டது. திறந்த வாயோடு நின்றது அண்ணன்தான்.

"அப்பா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். உன்னை மன்னிக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன், முடியல" என்றார்.

மாமியாருக்கு இது புதுச் செய்தி. முகம் சிவந்தது. சண்டை மூளப்போகிறது என்று நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். "என்னை மன்னிச்சிடு."

அண்ணன் வழிவிட்டு நகர்ந்தார். "சரி, உள்ள வா" என்று சொல்லி, நாற்காலியிலிருந்த துணிகளைக் கீழே தள்ளினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் எழுந்து பீடத்துக்குப் போனார். ஊருக்கெல்லாம் மன்னிப்பை வாரி வழங்கிய மனுஷி, முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.