மாமி இறங்கிய இடம்

என் மானம் முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிள் சில்லுகளின் மேல் உருண்டது. ஓடியது நானல்ல, மாமி.

மாமா கட்டிக் கூட்டிவந்த மாமி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரே ஒரு குளிர்காலம்தான் பார்த்திருந்தார். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு மேலறையில் இருவரும் குடியிருந்தார்கள்.

எங்கள் வகுப்பு சைக்கிளில் லண்டன் பார்க்கப் போகிறது, பாட்டர்சீ பூங்காவில் தொடங்கி டவர் பிரிட்ஜ் வரை. குழுவுக்கு ஒரு பெரியவர் முன்னால் சைக்கிள் ஓடவேண்டும். எங்கள் குழுவுக்கு ஆளில்லை. ஆளில்லாத குழுவுக்குப் பயணமும் இல்லை. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அன்றைக்கு ஷிப்ட். அப்பா நாலு சில்லுக்குக் குறைந்த எதையும் நம்பாதவர்.

"நான் ஓடுறன்," என்றார் மாமி, புட்டுக் குழைத்த கையோடு.

அப்பா சிரித்துவிட்டார். "தங்கச்சி, இது யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். றோட்டில்லை. இஞ்சை பஸ் ரெண்டு மாடி."

"அங்கை ஆமி ட்ரக் ஓடினது, அண்ணை."

அப்பா தேத்தண்ணியைக் குடித்தார்.

வகுப்பில் புள்ளிமுகக்காரி ஒருத்தி இருந்தாள். உன் மாமிக்கு உண்மையிலேயே சைக்கிள் ஓடத் தெரியுமா என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார் என்றேன். நான் பார்த்ததே இல்லை.

பூங்கா வாசலில் மாமி மாமாவின் கம்பளிக் கோட்டில், பாவாடையை ஒரு பக்கமாகச் செருகியபடி நின்றார். இடதுகாலைப் பெடலில் வைத்தார். இரண்டு கெந்து. அவ்வளவுதான், ஆள் காற்றில். ஐயோ, அது என்ன ஓட்டம்! முதுகு நிமிர்ந்து, பின்னல் பறந்து, திரும்பும் இடமெல்லாம் முழுக்கையையும் நீட்டி, பஸ்ஸுக்கே வழி காட்டுகிற ஓட்டம். பக்கத்தில் தேம்ஸ் பழுப்பு நிறத்தில் சோம்பிக் கிடந்தது, மாமி அதை முந்திக்கொண்டு போனார். வெயில், மணிக்கூண்டு, பாலம், புறா, எல்லாம் எங்களுக்காக ஒதுங்கி நின்றன. புள்ளிமுகக்காரி மூச்சிரைக்க என் பக்கம் வந்து, உன் மாமி சர்க்கஸில் இருந்தவரா என்றாள். நான் மணியை ஒருதரம் அடித்துவிட்டு அவளை முந்தினேன். அப்படியொரு மிதப்பு.

பாராளுமன்றத்தைத் தாண்டி அகலத் தெருவுக்குள் திரும்பினோம். அங்கே பிரதமரின் தெருவாசல். லண்டன் பொலிஸ்காரர்கள் கையில் சுடும் துவக்கு இருப்பதில்லை, இந்த வாசலில் நின்றவர்களிடம் இருந்தது, நீளமாக, நெஞ்சோடு.

மாமி சடக்கென்று இறங்கினார். தலையைக் குனிந்து, தெரு ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த நாங்களும் இறங்கினோம். கடைசியில் வந்த ஆசிரியரும் இறங்கிவிட்டார், ஏதோ புதுச் சட்டமாக்கும் என்று. ஊர்வலம்போல எல்லோரும் உருட்டிக்கொண்டு போனோம். ஒரு பொலிஸ்காரர் தொப்பியைத் தொட்டுச் சிரித்தார். மாமி நிமிரவில்லை. வாசல் வெகுதூரம் பின்னுக்குப் போனபிறகுதான் மறுபடி கெந்தி ஏறினார்.

"ஏன் இறங்கினோம்?" புள்ளிமுகக்காரி.

"மரியாதை," என்றேன். "எங்கள் ஆட்கள் அப்படித்தான்."

அவள் அதை நம்பினாள். நானும் நம்பினேன். டவர் பிரிட்ஜில் வகுப்பே மாமிக்குக் கைதட்டியது. மாமி கோட்டுப் பையிலிருந்து எல்லோருக்கும் எள்ளுருண்டை எடுத்துக் கொடுத்தார்.

பின்னேரம் வீட்டில் நான் நடித்துக் காட்டினேன், மாமியின் குனிந்த தலை, ஆசிரியரின் முழி, எல்லாவற்றையும். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"துவக்கைக் கண்டனீரோ?" என்று மாமியிடம் மெல்லக் கேட்டார்.

"ஓம். கால் தானா இறங்கீட்டுது."

யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரரின் காவலரணைக் கண்டால் சைக்கிளால் இறங்கி உருட்டவேண்டும், இறங்காமல் போன எல்லோரும் வீடு வந்து சேர்ந்ததில்லை. இதையெல்லாம் அறிய எனக்கு இன்னும் வருடங்கள் கிடந்தன. அன்றைக்கு நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"மரியாதைதானே, மாமி?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. மரியாதைதான்."

கோடை வந்தது. புள்ளிமுகக்காரி என் சிநேகிதியாகிவிட்டாள். ஒருநாள் இருவரும் கடைத்தெருவில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு பொலிஸ்காரர், கையில் ஒரு ஐஸ்கிரீம் தவிர வேறொன்றுமில்லாமல். நாங்கள் கண்ணைக் காட்டிக்கொண்டு சடக்கென்று இறங்கினோம், ஓரமாக, தலையைக் குனிந்து, மாமி செய்ததைப்போலவே, வலு திறமாக.

மரக்கறிக் கடையிலிருந்து மாமி வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் பைகளை அப்படியே கீழே போட்டார். தக்காளி உருண்டு ஓடியது.

"இறங்காதை! ஏறு! ஏறி ஓடு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாமி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பயந்துபோய் இருவரும் ஏறி, ஐஸ்கிரீம்காரரைத் தாண்டி, தெருமுடக்கு வரை மூச்சுப்பிடித்து உழக்கினோம்.

அங்கே நின்று யோசித்தோம். தலை இன்னும் கொஞ்சம் குனிந்திருக்கவேண்டுமோ என்றாள் அவள். இருக்கலாம் என்றேன்.